கேஷ் என்னும் ஆங்கிலச் சொல்லும் சீன மாணாக்கரும்: தமிழ்க் காசின் ஒரு வரலாறு

1. முன்னுரை

கல்கத்தாவின் தென்பகுதியான பவானிபூர், மொழிகற்றல் வரலாற்றில் இரண்டு காரணங்களால் கவனத்திற்குரியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் மிஷன் சங்கத்தார் அங்கு ஓர் ஆங்கிலக் கல்விநிலையத்தை நடத்தினர். வங்காள இளைஞர்க்கு ஆங்கிலம் கற்பித்த இதே சங்கமே 1807-இல் இராபர்ட் மாரிசனைக் காண்டன் நகருக்கு அனுப்பியது. 1815 முதல் 1823 வரை மக்காவில் அச்சான மாரிசனின் சீன அகராதியும், 1818-இல் மலாக்காவில் அவரும் வில்லியம் மில்னும் நிறுவிய ஆங்கிலோ-சீனக் கல்லூரியும் சீனர்க்கு ஆங்கிலமும் ஆங்கிலேயர்க்குச் சீனமும் கற்பிக்கும் முயற்சிகளின் தொடக்கம் எனலாம். தமிழ் வழங்கிய தென்திருவிதாங்கூரில் நாகர்கோவிலை மையமாகக் கொண்டு பணியாற்றியதும் அதே சங்கமே ஆகும்.

இரண்டாவது காரணம், பவானிபூரில் வாழ்ந்த சர் ஆசுதோஷ் முகர்ஜி. கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1906 முதல் 1914 வரையும், மீண்டும் 1921 முதல் 1923 வரையும் பணியாற்றிய இவருடைய ஊக்கத்தினால் சீனமொழி ஆய்வில் ஈடுபட்டவர் பிரபோத் சந்திர பாக்சி (1898–1956). சீனர் வடமொழி பயில்வதற்காகத் தொகுக்கப்பட்ட இரண்டு பழைய சொற்பட்டியல்களை இவர் 1929-லும் 1937-லும் பிரெஞ்சு மொழியில் பதிப்பித்தார். அவற்றுள் ஒன்று இத்சிங் இயற்றியதாக வழங்குவது. 671-இல் காண்டனிலிருந்து கடல்வழிப் புறப்பட்ட இத்சிங், 673-இல் வங்காளத்தின் தாமிரலிப்தித் துறைமுகத்தை அடைந்து அங்குத் தங்கி வடமொழி பயின்றவர்.

இத்தகைய பட்டியல்களின் அடிப்படை நெறி ஒன்றே: ஒரு சொல்லுக்கு ஒரு நிகரன். தொடக்க நிலை மாணாக்கனுக்கு இந்நெறி பயன்படும். ஆனால் வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்த இரு சொற்கள் ஒரே வடிவில் நிற்குமிடத்து இந்நெறி தவறு செய்யும். ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் 'கேஷ்' அத்தகைய சொல். சீன மாணாக்கர்க்கு இச்சொல் தரும் இடர்ப்பாட்டையும், அதற்குத் தமிழ்ச் சொல்லொன்று காரணமாக அமைந்த வரலாற்றையும், மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ளத்தக்க நெறிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஒரு வடிவம், இரு சொற்கள்

இன்றைய ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றால் ரொக்கப் பணம் என்பதே முதற்பொருள். இச்சொல் 'பெட்டி' எனப் பொருள்படும் இலத்தீன் 'கப்சா' என்பதன் வழிவந்தது. 'காஸ்ஸா' என்னும் இத்தாலிய வடிவும் 'கெஸ்' என்னும் பிரெஞ்சு வடிவும் அதே குடும்பத்தன. பணம் வைக்கும் பெட்டியைக் குறித்த சொல், 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துள் புகுந்து, பெட்டியினுள் இருக்கும் பணத்தைக் குறிக்கலாயிற்று. இது இடப்பொருள் ஆகுபெயரின் பாற்படும். பெட்டிப் பொருள் பின்னர் வழக்கொழிந்தது. பணப் பொருள் நிலைத்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் மற்றொரு 'கேஷ்' ஆங்கிலத்திற்கு வந்தது. அது கீழைநாடுகளில் வழங்கிய சிறுமதிப்புடைய நாணயத்தின் பெயர். இதன் மூலம் தமிழ் 'காசு'. இந்தியக் கரையில் இச்சொல்லைக் கேட்ட போர்த்துக்கீசியர் அதனைக் 'கைஷா' என்று வழங்கினர். 'கைஷா' என்பது அவர்கள் மொழியில் முன்னரே 'பெட்டி' என்னும் பொருளில் வழங்கிவந்த சொல். அதுவும் 'கப்சா' வழி வந்ததே. அறியாத சொல்லை அறிந்த சொல்லின் வடிவில் வார்த்துக்கொள்ளும் இயல்பு எல்லா மொழிகளிலும் உண்டு. காசு முதலில் போர்த்துக்கீசியத்தில் பெட்டியோடு கலந்தது; பின்னர் ஆங்கிலத்திலும் அவ்வாறே கலந்தது. ஒரே மயக்கம் இருமுறை நிகழ்ந்தது எனலாம்.

இன்றைய பேரகராதிகள் இவ்விரண்டையும் தனித்தனித் தலைச்சொற்களாகவே பதிவு செய்கின்றன. மாணாக்கர்க்கான சிற்றகராதிகளில் இரண்டாவது சொல் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

3. காசு: தமிழகத்திலிருந்து கீழ்க்கடல் வரை

தமிழில் காசு என்பது நெடிய வரலாறுடைய சொல். பழந்தமிழில் மணி, அணிகலனில் கோக்கப்படும் பொற்காசு ஆகிய பொருள்களில் இது வழங்கியுள்ளது. குற்றம் என்னும் பொருளும் உண்டு. வெண்பாவின் ஈற்றுச்சீருக்குரிய வாய்பாடுகளுள் ஒன்றாகவும் யாப்பிலக்கணம் இதனைக் கொண்டுள்ளது. சோழர் கல்வெட்டுகளில் காசு நாணயப் பெயராகப் பரவலாகக் காணப்படுகிறது. 'கர்ஷ' என்னும் வடமொழி எடைப்பெயரோடு இதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். அக்கருத்தை ஏற்பின், வங்காளத்தில் 1,280 சோழிகளைக் குறித்த 'காஹன்' என்னும் கணக்குப் பெயரும் இதற்கு உறவாகும். அது 'கார்ஷாபண' என்பதன் திரிபு.

காலப்போக்கில் காசு சிறுசெப்பு நாணயத்திற்கு உரிய பெயராயிற்று. சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியின் கணக்குமுறையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். தரங்கம்பாடியில் டேனியர் வெளியிட்ட நாணயங்கள் 'காஸ்' என்னும் பெயரைப் பெற்றிருந்தன. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம்; 28 சக்கரம் ஒரு ரூபாய். அங்கு இம்முறை 1949 வரை நிலவியது.

கும்பினிக்காக இங்கிலாந்தில் அச்சிடப்பட்ட செப்பு நாணயங்களில் இப்பெயர் ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டது. உரோமானிய எண்ணில் பத்து அல்லது இருபது என்னும் குறியும், அதனையடுத்துக் 'கேஷ்' என்னும் சொல்லும் அவற்றில் காணப்படும். இத்தகைய நாணயங்களை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரைக்கு அருகில் குட்வின் மணற்றிட்டில் மூழ்கியது. 1980-களில் அங்கிருந்து மீட்கப்பட்ட காசுகள் இன்று நாணயச் சேகரிப்பாளரிடையே பரவலாகக் காணப்படுகின்றன. அவற்றின் மேலுள்ள 'கேஷ்' ரொக்கத்தைக் குறிப்பதன்று. தமிழ்க் காசையே குறிப்பது.

போர்த்துக்கீசியரும் அவர்க்குப் பின் வந்த ஆங்கிலேயரும் இப்பெயரை இந்தியாவோடு நிறுத்தவில்லை. ஜாவாவின் துறைமுகங்களில் சீனச் செப்பு நாணயங்கள் பெருமளவில் வழங்கின. மதிப்பில் சிறியதும் செம்பாலானதுமான அந்நாணயத்திற்கும் அதே பெயர் இடப்பட்டது. அங்கிருந்து அப்பெயர் சீனத்திற்கே சென்றது. இவ்வாறு, சீனர் தம் நாட்டில் 'வென்' என்னும் அலகால் எண்ணிய சதுரத்துளை நாணயம் ஆங்கில நூல்களில் தமிழ்ப் பெயரால் வழங்கலாயிற்று.

4. கல்கத்தா–காண்டன் வணிகமும் சொற்களின் பயணமும்

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கல்கத்தாவும் காண்டனும் வணிகத்தால் நெருங்கிப் பிணைந்திருந்தன. கும்பினி கல்கத்தாவில் ஏலம் விட்ட அபினியைத் தனிவணிகர் சீனக் கரைக்குக் கொண்டுசென்றனர். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் கல்கத்தாவுக்குத் தெற்கே ஹுக்ளிக் கரையில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை நடத்திய சீனர் டாங் அச்சியூவின் பெயரால் அச்சிப்பூர் என்னும் ஊர் இன்றும் விளங்குகிறது.

பொருள்களோடு சொற்களும் சென்றன. முத்திரையைக் குறிக்கும் 'சாப்' காண்டன் ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கியது. அது 'சாப்பா' எனத் தமிழிலும் உள்ள இந்துஸ்தானிச் சொல். தமிழில் சராப்பு எனப்படும் பணச்சோதனையாளரின் பெயர் 'ஷ்ராஃப்' என்னும் வடிவில் சென்றது. ஹாங்காங்கில் ஊர்தி நிறுத்துமிடத்தில் கட்டணம் வாங்கும் இடத்திற்கு இன்றும் அதுவே பெயர். ஆங்கிலேயர் 'கேஷியர்' என்று கூறக்கூடிய இடத்தில் ஹாங்காங் மக்கள் இந்தியாவிலிருந்து வந்த சொல்லை ஆள்கின்றனர்.

இவற்றுள் கூலி என்னும் சொல்லின் வரலாறு காசோடு ஒப்பிடத்தக்கது. ஆங்கிலத்தில் 'கூலி' என்பதன் மூலமாகத் தமிழ்ச் சொல்லைச் சிலரும், மேலைக்கரையின் கோலி இனப்பெயரைச் சிலரும் காட்டுவர். இச்சொல் சீனத்திலும் புகுந்து 'குலி' ஆயிற்று. அதனை எழுதும் இரு எழுத்துகளும் 'கசப்பு', 'வலிமை' எனப் பொருள்படுவன. எனவே சீன மாணாக்கனுக்கு அது தன் மொழிச் சொல்லாகவே தோன்றும். காசு அவ்வாறு சீனத்துள் புகவில்லை. நாணயத்திற்கும் பணத்திற்கும் 'சியென்' என்னும் சொந்தச் சொல் அங்கு வேரூன்றியிருந்தமையே காரணம் எனலாம். ஆகவே சீனரின் நாணயத்தைப் பற்றிச் சீனரல்லாதார் தமக்குள் பேசிக்கொண்ட சொல்லாகவே 'கேஷ்' நின்றுவிட்டது.

காண்டன் வணிகத்தில் ஈடுபட்ட சீனர் ஆங்கிலம் கற்றது சிறுநூல்கள் வாயிலாகவே. 'செம்மயிரரின் பொதுவழக்கு அயல்மொழி' எனப் பொருள்படும் தலைப்பில் 19-ஆம் நூற்றாண்டில் வழங்கிய சிறுசுவடிகளில் ஆங்கில எழுத்து ஒன்றேனும் இல்லை. ஒவ்வொரு சீனச் சொல்லின் கீழும் அதற்குரிய ஆங்கில ஒலி, காண்டன் உச்சரிப்பில் படிக்கத்தக்க சீன எழுத்துகளால் குறிக்கப்பட்டது. எண்கள், மக்கள், வீட்டுப்பொருள், உணவு என்றவாறு சொற்கள் பகுக்கப்பட்டன. இத்சிங்கின் பெயரால் வழங்கும் பட்டியலின் நெறியே இங்கும் தொடர்ந்தது. 1862-இல் தாங் திங்சூ ஆறு பகுதிகளாக வெளியிட்ட ஆங்கில நூல் இந்நிலையிலிருந்து பெரிதும் முன்னேறியது. ஹாங்காங்கில் மிஷன் பள்ளியில் பயின்ற அவர், முறையான ஆங்கிலத்தையும் காண்டன் வணிக ஆங்கிலத்தையும் வேறுபடுத்திக் குறிப்புகள் எழுதினார். சொல் வழங்கும் சூழலும் பொருளின் பகுதியே என்னும் உணர்வு அங்குத் தோன்றிவிட்டது.

5. சீன மாணாக்கர் முன் நிற்கும் பொருள்கள்

இன்றைய சீனத்தில் 'கேஷ்' என்பதற்கு நிகராகக் கற்பிக்கப்படுவது 'சியான்சின்' என்னும் தொடர். அதன் சொற்பொருள் 'முன்னிருக்கும் பொன்' என்பதாகும். 'கேஷ் எ செக்' என்பதுபோல வினையாக வரும்போது பணமாக மாற்றுதல் என்னும் பொருளில் வேறொரு தொடர் ஆளப்படும். இவ்விரண்டையும் கற்ற மாணாக்கன் அன்றாட ஆங்கிலத்தில் இடர்ப்படான். தன் நாட்டு வரலாற்றை ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கும்போதே இடர்ப்பாடு எழும். அங்கே 'கேஷ்' மூன்று பொருள்களைத் தரலாம்:

அ) ரொக்கம், அதாவது கடனோ பண்டமோ அல்லாத கைப்பணம்.

ஆ) சதுரத்துளையுடைய செப்பு நாணயம். இது சீனத்தில் 'வென்' என எண்ணப்படும். 621-இல் தாங் மரபினர் வெளியிட்ட புகழ்பெற்ற நாணயம் முதல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இவ்வடிவம் பெரும்பாலும் மாறாது நின்றது.

இ) வெள்ளி எடைக்கணக்கின் மிகச்சிறிய அலகு. காண்டன் கணக்குகளில் 10 கேஷ் ஒரு கண்டரீன், 10 கண்டரீன் ஒரு மேஸ், 10 மேஸ் ஒரு டேல் என எழுதப்பட்டது. இங்கே 'கேஷ்' என்பது கையில் எடுக்கத்தக்க நாணயமன்று. டேல் வெள்ளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சீனத்தில் இதற்கு 'லி' என்று பெயர்.

முதற்பொருளைப் பிற இரண்டிலிருந்தும் பிரித்தறிய இலக்கணம் ஓரளவு துணைசெய்யும். ரொக்கத்தைக் குறிக்கும் சொல் எண்ணலாகாப் பெயர். அதன்முன் எண்ணுப்பெயர் நேரே வாராது. 'டென் கேஷ்' என வந்தால் அது நாணயமாகவோ கணக்கலகாகவோ இருத்தல் வேண்டும். தொடக்கக் காலக் குறிப்புகளில் பன்மை விகுதி பெற்ற வடிவமும் உண்டு. பின்னர் ஒருமை வடிவமே பன்மைக்கும் நிலைத்தது. 'பத்துக் காசு' எனத் தமிழில் எண்ணுக்குப் பின் 'கள்' விகுதி வேண்டாமை இதனோடு ஒப்பிடத்தக்கது. சீனத்திலும் அந்நிலையில் பன்மைக்குறி இல்லை. 'செப்பு', 'சரம்' போன்ற அடைகளும் நாணயப் பொருளை உறுதிசெய்யும்.

ஆயினும் எண்ணும் அடையும் இல்லாதபோது இலக்கணம் உதவாது. 'வேஜஸ் பெய்ட் இன் கேஷ்' என்று 19-ஆம் நூற்றாண்டுச் சீனத்தைப் பற்றிய ஆங்கில நூலொன்றில் வந்தால், ஊதியம் நெல்லாகவன்றிப் பணமாகத் தரப்பட்டது என்றும் கொள்ளலாம்; வெள்ளியாகவன்றிச் செப்புக் காசாகத் தரப்பட்டது என்றும் கொள்ளலாம். இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. ஒரு டேல் வெள்ளிக்கு 1,000 செப்புக் காசு என்பது ஏட்டளவான மதிப்பு. அபினிக்கு ஈடாக வெள்ளி வெளியேறியதும், உலகச் சந்தையில் வெள்ளி வரத்துக் குறைந்ததும், செப்புக் காசின் தரம் தாழ்ந்ததும் ஆகிய காரணங்களால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்மதிப்பு 2,000 அளவுக்கு ஏறியது. உழவன் ஈட்டியது செப்புக் காசு; அவன்மேல் விதிக்கப்பட்ட வரி வெள்ளிக் கணக்கில் இருந்தது. அவன் பெற்ற காசின் எண்ணிக்கை மாறாமலிருந்தும் வரிச்சுமை ஏறத்தாழ இருமடங்காயிற்று. 'கேஷ்' என்பதை 'சியான்சின்' என்று மட்டும் பெயர்க்கும் மாணாக்கனுக்கு இத்துன்பம் புலப்படாது. கணக்கலகாகிய கேஷ் வெள்ளியோடு நிற்க, நாணயமாகிய கேஷ் வீழ்ந்தது. ஒரே சொல்லால் குறிக்கப்பட்ட இரண்டும் எதிரெதிர்த் திசையில் சென்றமையே அக்காலச் சீனப் பொருளியலின் நெருக்கடி.

6. தமிழ் மொழிபெயர்ப்பாளர் நிலை

இதே மயக்கம் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் எதிர்கொள்கிறது. முதற்குலோத்துங்கன் காலத்தில், 1077-இல், சோழநாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சுங் மரபினரின் அரசவைக்குச் சென்றதைச் சீன ஆவணங்கள் கூறுகின்றன. அக்குழு பெற்றதாகக் கூறப்படுவது 81,800 சரம் செப்பு நாணயம். ஆங்கில வரலாற்று நூல்களில் இது 'காப்பர் கேஷ்' என்றே பெயர்க்கப்பட்டுள்ளது. இதனைச் 'செப்பு ரொக்கம்' என்பது பொருந்தாது. 'பணம்' என்பது தமிழக நாணய முறையில் வேறோர் அலகைக் குறிக்கும். 'செப்புக் காசு' என்பதே நேரிய பெயர்ப்பு. அது புதிய ஆக்கமன்று. ஆங்கிலம் கடன்கொண்ட சொல்லை உரிய வடிவில் மீட்டுக்கொள்வதேயாகும். சீனத் துளைக்காசுகள் தஞ்சைப் பகுதியில் பட்டுக்கோட்டை, மன்னார்குடி வட்டங்களில் புதையல்களாகக் கிடைத்திருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

தமிழ்ப் பேச்சுவழக்குகள் இவ்வேறுபாட்டைக் கையாளும் முறை ஒருதன்மைத்தன்று. ஈழத்தமிழில் காசு என்பது பொதுவாகப் பணத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுப் பேச்சிலும் 'கையில் காசு இல்லை' என்னும்போது ரொக்கப் பொருளே உணரப்படும். செக் என்பதற்கு நிகராக ஆக்கப்பட்ட 'காசோலை' என்னும் சொல்லிலும் காசு பணப்பொருளிலேயே நிற்கிறது. பெட்டியிலிருந்து வந்த 'கேஷ்' குறிக்கும் பொருளைத் தமிழ்க் காசு தானே ஏற்றுக்கொண்டமை வியப்புக்குரியது. ஐரோப்பாவில் ஒலியொப்புமையால் இணைந்த இருபொருள்கள் தமிழில் இயல்பான பொருள்விரிவால் இணைந்துள்ளன.

தமிழும் சீனமும் ஆட்சிமொழிகளாக அருகருகே வழங்கும் சிங்கப்பூரில் நிலை வேறு. அங்குத் தமிழில் டாலர் 'வெள்ளி' எனவும், அதன் நூறில் ஒரு பங்கு 'காசு' எனவும் வழங்கும். கைப்பணத்திற்கு எழுத்து வழக்கில் 'ரொக்கம்' என்னும் சொல் உரியது. எனவே அங்குச் சிறுநாணயத்திற்கும் கைப்பணத்திற்கும் இருவேறு சொற்கள் தெளிவாக உள்ளன. வங்காளியில் ரொக்கத்திற்கு 'நகத்' என்னும் அரபுவழிச் சொல் தனியே இருப்பதால், பவானிபூர் மாணாக்கன் ஆங்கிலக் 'கேஷ்' என்பதை அதனோடு எளிதில் பொருத்திக்கொண்டிருப்பான். ஆயின் கும்பினியின் சென்னைக் கணக்கேட்டைப் படிக்க நேரின் அவனும் காண்டன் மாணாக்கனைப்போலவே இடர்ப்பட்டிருப்பான்.

மேற்கண்டவற்றால் மொழிபெயர்ப்பாளர் கொள்ளத்தக்க நெறிகளாவன: எண்ணுப்பெயரோ உலோகப்பெயரோ சரம் என்னும் அளவையோ அடுத்துவரின் 'காசு' என்றே பெயர்த்தல் வேண்டும். மேஸ், டேல் ஆகியவற்றோடு வரிசையாக வரின் அது கணக்கலகு என அறிந்து, 'வெள்ளிக் கணக்குக் காசு' என விளக்கத்தோடு தருதல் தகும். கடன், காசோலை, பண்டமாற்று ஆகியவற்றிற்கு மறுதலையாக வரின் 'ரொக்கம்' ஏற்றது. இக்குறிப்புகள் எவையும் இல்லாதபோது, எந்நாடு, எக்காலம் என்பதை நோக்கி முடிவுசெய்தல் வேண்டும்.

7. முடிவுரை

சொற்பட்டியல் மாணாக்கனுக்குக் கைகொடுக்கும் முதல் ஊன்றுகோல். தாமிரலிப்தியில் பயின்ற துறவிக்கும் காண்டன் வணிகனுக்கும் அது பயன்பட்டது. எனினும் ஒருசொல்-ஒருநிகரன் என்னும் அதன் நெறி, சொல்லின் வரலாற்றை மறைத்துவிடும். 'கேஷ்' என்னும் வடிவில் இலத்தீன் பெட்டியும் தமிழ்க் காசும் ஒன்றாகி நிற்கின்றன. இரண்டாவதை அறியாத சீன மாணாக்கன் தன் முன்னோர் கையாண்ட நாணயத்தையே ஆங்கில நூலில் அடையாளம் காணமாட்டான். தமிழ் மொழிபெயர்ப்பாளன் தன் சொல்லையே அயற்சொல்லாகக் கருதி வேறொரு சொல்லைத் தேடுவான்.

கற்பார்க்கான ஆங்கில-சீன, ஆங்கில-தமிழ் அகராதிகள் இவ்விரு சொற்களையும் தனித்தனித் தலைச்சொற்களாகத் தருதலும், இரண்டாவதன்கீழ் நாணயம், கணக்கலகு என்னும் இருபொருள்களையும் பகுத்துக் காட்டுதலும் இன்றியமையாதன. அதற்கு வேண்டிய இடம் இரண்டு மூன்று வரிகளே. வெள்ளிக் கணக்கில் வரி கட்டச் செப்புக் காசு சேர்த்த உழவனின் நிலையை விளங்கிக்கொள்ள அவ்வரிகள் போதுமானவை.